இல்லாத தாமிரம் கடத்தும் மின்சாரம்: தாமிர அயோடைடு மென்படலம், ஓர் அறிமுகம்

ஜெர்மனியின் யேனா நகரில் கார்ல் பேடெக்கர் என்ற இளம் இயற்பியலாளர் கண்ணாடித் துண்டின்மேல் மிக மெல்லியதாகத் தாமிரத்தைப் படியவைத்து, அதை அயோடின் ஆவியில் காட்டினார். செந்நிறத்தில் பளபளத்த பூச்சு மங்கி மறைந்தது. மறைந்தது உலோகத் தோற்றம் மட்டும்தான். பூச்சு அங்கேயே இருந்தது, ஆனால் அதன் வழியாகப் பார்க்க முடிந்தது. மின்முனைகளை வைத்துச் சோதித்தபோது மின்சாரமும் பாய்ந்தது. இதை அவர் வெளியிட்ட ஆண்டு 1907. ஒளியை உள்ளே விடும் ஒரு திடப்பொருள் மின்சாரத்தையும் கடத்துகிறது என்று பதிவான முதல் சான்றுகளில் இது ஒன்று. பயண வழிகாட்டி நூல்களுக்குப் பெயர்போன பேடெக்கர் பதிப்பகக் குடும்பத்தைச் சேர்ந்த அவர், 1914-இல் முதல் உலகப் போர் தொடங்கிய உடனேயே போர்க்களத்தில் இறந்துபோனார். அவர் செய்த படலமும் நெடுங்காலம் பெரிய கவனிப்பின்றிக் கிடந்தது என்றே சொல்லலாம்.

அந்தப் படலம்தான் தாமிர அயோடைடு. ஒரு தாமிர அணுவுக்கு ஓர் அயோடின் அணு என்ற எளிய கணக்கில் அமைந்த சேர்மம். கணக்கு எளியது, ஆனால் அந்தக் கணக்கு சற்றே பிசகுவதில்தான் இதன் மின்குணம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

ஒளியும் வேண்டும், மின்சாரமும் வேண்டும்

அன்றாட அனுபவத்தில் இந்த இரண்டு குணங்களும் ஒரே பொருளில் சேர்ந்து வருவதில்லை. உலோகம் மின்சாரத்தைக் கடத்தும், அதன் ஊடே பார்க்க முடியாது. கண்ணாடியின் ஊடே பார்க்கலாம், மின்சாரம் போகாது. உலோகத்தில் எந்த அணுவுக்கும் கட்டுப்படாத எலக்ட்ரான்கள் ஏராளம். ஒளி விழுந்ததும் அவை கூட்டமாக அசைந்து அதைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. கண்ணாடியில் எலக்ட்ரான்கள் பிணைப்புகளில் கட்டுண்டு கிடக்கின்றன. அவற்றை விடுவிக்கும் அளவுக்குக் கண்ணுக்குத் தெரியும் ஒளியிடம் ஆற்றல் இல்லாததால், ஒளி எதனோடும் மோதாமல் கடந்துபோகிறது.

கட்டுண்ட எலக்ட்ரான்கள் இருக்கும் ஆற்றல் நிலைகளை இணைதிறன் பட்டை என்றும், அவை விடுபட்டுத் திரியக்கூடிய நிலைகளைக் கடத்துப் பட்டை என்றும் இயற்பியலார் அழைக்கின்றனர். இரண்டுக்கும் நடுவே எலக்ட்ரான் எதுவும் இருக்க இயலாத ஓர் ஆற்றல் இடைவெளி உண்டு. ஒரு பொருள் ஒளியை விடுமா விழுங்குமா என்பதை இந்த இடைவெளியே முடிவுசெய்கிறது. 1240 என்ற எண்ணை ஒளியின் அலைநீளத்தால், அதாவது நானோமீட்டரில் சொல்லப்பட்ட அலைநீளத்தால் வகுத்தால், அந்த ஒளித்துகளின் ஆற்றல் எலக்ட்ரான் வோல்ட்டில் கிடைக்கும். சிவப்பின் ஓரத்தில், 700 நானோமீட்டரில், அது சுமார் 1.8. ஊதாவின் ஓரத்தில், 400 நானோமீட்டரில், 3.1. தாமிர அயோடைடின் ஆற்றல் இடைவெளி ஏறக்குறைய 3.0 முதல் 3.1 எலக்ட்ரான் வோல்ட் வரை. ஆகவே சிவப்பிலிருந்து நீலம் வரை எந்த நிற ஒளிக்கும் இந்த இடைவெளியைத் தாண்ட வலிமை இல்லை. ஊதாவின் கடைசி விளிம்பும் அதற்கு அப்பாலுள்ள புறஊதாவும் மட்டுமே விழுங்கப்படுகின்றன.

அப்படியானால் மின்சாரம் எப்படி வருகிறது? இடைவெளி இவ்வளவு பெரிதென்றால், அறை வெப்பத்தின் ஆற்றலைக் கொண்டு எலக்ட்ரான்கள் மேலே ஏறிவிட முடியாது. அந்த வெப்ப ஆற்றல் வெறும் 0.026 எலக்ட்ரான் வோல்ட்தான். வேறு ஏதோ ஒரு வழியில் மின்சுமை தாங்கிகள் பொருளுக்குள் நுழைந்திருக்க வேண்டும்.

தொடுதிரைகளிலும் சூரிய மின்கலங்களிலும் இன்று பெரிதும் பயன்படும் இண்டியம் டின் ஆக்சைடு இதற்கு ஒரு வழி கண்டது. இண்டியம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளீயம் அமர்ந்து, தன்னிடம் கூடுதலாக உள்ள எலக்ட்ரானைக் கொடுத்துவிடுகிறது. எலக்ட்ரான்களே மின்சாரத்தைச் சுமப்பதால் அது என் (n) வகைக் குறைக்கடத்தி. டையோடும் டிரான்சிஸ்டர் சுற்றுகளும் செய்ய இது மட்டும் போதாது. எலக்ட்ரான் இல்லாமையை, அதாவது துளையைச் சுமந்துசெல்லும் பி (p) வகைப் பொருளும் வேண்டும். ஒளி ஊடுருவும் பி வகைப் பொருள்கள்தான் அரிதினும் அரிது.

ஏன் அரிது? ஒளி ஊடுருவும் பொருள்களில் பெரும்பாலானவை ஆக்சைடுகள். அவற்றின் இணைதிறன் பட்டை ஆக்சிஜன் அணுக்களை ஒட்டியே உருவாகிறது. ஆக்சிஜன் தன் எலக்ட்ரான்களை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் அணு. அதனருகே ஒரு துளை உண்டானாலும் அது அங்கேயே முடங்கிக் கிடக்கும், நகராது. 1997-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் தாமிர அலுமினிய ஆக்சைடு என்ற ஒளி ஊடுருவும் பி வகை ஆக்சைடை வெளியிட்டபோது அது பெரிய செய்தியானது. அதன் மின்கடத்து எண், அதாவது மின்சாரத்தை எவ்வளவு எளிதாகக் கடத்துகிறது என்பதன் அளவு, சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1 சீமென்ஸ். இண்டியம் டின் ஆக்சைடு சாதாரணமாக 10,000-ஐ எட்டும்! இரண்டு வகைகளுக்கும் இடையே இருந்த தூரம் அவ்வளவு.

தாமிர அயோடைடில் நிலைமை வேறு. அயோடின் பருத்த அணு. அதன் வெளிச்சுற்று எலக்ட்ரான் மேகம் விரிந்து பரந்தது. அது தாமிரத்தின் எலக்ட்ரான் மேகத்தோடும் பக்கத்து அயோடின் அணுக்களோடும் மேற்படிகிறது. துளைகளுக்கு இது தொடர்ச்சியான பாதையாகிறது.

படிகத்துக்குள் ஒரு பார்வை

அறை வெப்பநிலையில் தாமிர அயோடைடு எடுக்கும் அமைப்புக்குக் காமா நிலை என்று பெயர். ஒரு கனசதுரத்தின் எட்டு மூலைகளிலும் ஆறு முகங்களின் நடுவிலும் அயோடின் அணுக்களை வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தாமிர அணுவும் நான்கு அயோடின் அணுக்களுக்கு நடுவே, ஒரு நான்முகியின் மையத்தில் உட்காருகிறது. ஒவ்வோர் அயோடினைச் சுற்றியும் அதேபோல் நான்கு தாமிரங்கள். துத்தநாக சல்பைடு கனிமத்தில் உள்ள அதே ஏற்பாடுதான் இது; வைரத்தின் கட்டமைப்பில் அணுக்களை ஒன்றுவிட்டு ஒன்றாக மாற்றி வைத்தாலும் இதுவே கிடைக்கும். கனசதுரத்தின் பக்க அளவு 0.605 நானோமீட்டர். இயற்கையிலும் இது கனிமமாகக் கிடைக்கிறது. ஆஸ்திரேலியாவின் புரோக்கன் ஹில் சுரங்கப் பகுதியில் கண்டெடுக்கப்பட்ட அதற்கு மார்ஷைட் என்று பெயர்.

சூடாக்கினால் கதை மாறுகிறது. 369 டிகிரி செல்சியஸ் அளவில் காமா நிலை அறுகோணச் சாயல் கொண்ட பீட்டா நிலையாகிறது. சுமார் 407 டிகிரியில் மறுபடி கனசதுரமாகி ஆல்ஃபா நிலையை அடைகிறது. 605 டிகிரியை ஒட்டி உருகுகிறது. ஆல்ஃபா நிலையில் அயோடின் அணுக்கள் சட்டகம் போல நின்றுகொண்டிருக்க, தாமிர அயனிகள் ஏறக்குறைய திரவம் போல அந்தச் சட்டகத்தின் இடுக்குகளில் ஓடித் திரிகின்றன. அப்போது மின்சாரத்தைச் சுமப்பது முதன்மையாகத் தாமிர அயனிகள்தான், துளைகள் அல்ல. மின்னணுக் கருவிகளுக்கான படலங்கள் பெரும்பாலும் அறை வெப்பநிலையிலோ 200 டிகிரிக்குக் கீழோ தயாராவதால், நமக்கு வாய்ப்பது காமா நிலை மட்டுமே. ஆனாலும் இந்தப் பொருளில் தாமிரம் அப்படியொன்றும் ஆணியடித்தாற்போல் உட்கார்ந்திருக்கவில்லை என்ற குறிப்பை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. தன் இடத்தை விட்டுப் போவது அதற்கு எளிது.

காலியிடமும் துளையும் ஒன்றல்ல

புதிதாகப் படிப்பவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. கொஞ்சம் நிதானமாகப் போகலாம்.

படிகத்தில் தாமிரம் இருக்க வேண்டிய ஓரிடத்தில் தாமிரம் இல்லை என்று வைத்துக்கொள்வோம். இது காலியிடம். அணு ஒன்றின் இல்லாமை. துளை என்பது எலக்ட்ரான் ஒன்றின் இல்லாமை. முதலாவது இரண்டாவதை எப்படி உண்டாக்குகிறது?

சேர்மத்தில் ஒவ்வொரு தாமிர அணுவும் தன் எலக்ட்ரான் ஒன்றைச் சுற்றியுள்ள அயோடின்களிடம் விட்டுக்கொடுத்து நேர்மின் அயனியாக இருக்கிறது. படிகத்திலிருந்து தாமிரம் வெளியேறும்போது அது அயனியாகப் போவதில்லை. மின்சுமையற்ற முழு அணுவாகப் போகிறது. அதாவது, கொடுத்திருந்த எலக்ட்ரானையும் வாங்கிக்கொண்டு போகிறது. கடனைத் திருப்பி வாங்கிக்கொண்டு ஊரைக் காலிசெய்தவர் போல. இப்போது அயோடின்களின் கூட்டத்தில் ஓர் எலக்ட்ரான் குறைகிறது. இணைதிறன் பட்டையில் ஒரு காலி இருக்கை. பக்கத்து எலக்ட்ரான் அதில் வந்து அமர்ந்தால், காலி இருக்கை பக்கத்துக்கு நகர்கிறது. அடுத்தது அங்கே வந்தால் இன்னும் ஓரடி தள்ளிப்போகிறது. நகர்ந்துகொண்டே போகும் இந்தக் காலி இருக்கைதான் துளை; நேர்மின்சுமை கொண்ட ஒரு துகள் போலவே அது நடந்துகொள்கிறது.

ஆக, காலியிடம் படிகத்தில் நின்ற இடத்தில் நிற்கிறது, எதிர்மின்சுமையோடு. அது பெற்றெடுத்த துளை படலம் முழுவதும் அலைந்து மின்சாரத்தைச் சுமக்கிறது. தாமிரக் காலியிடம் உண்டாக ஆகும் ஆற்றல் செலவு குறைவு என்பதால், யாரும் எந்த மாசும் கலக்காமலேயே தாமிர அயோடைடு தானாகப் பி வகையாகிவிடுகிறது. இதை என் வகையாக மாற்றுவது மிகக் கடினம் என்பதற்கும் இதுவே காரணம். நீங்கள் எலக்ட்ரான்களைக் கொடுத்தால் காலியிடங்கள் பெருகி அவற்றை ஈடுகட்டிவிடும்.

எத்தனை காலியிடங்கள் தேவை? கணக்கிட்டுப் பார்த்தால் வியப்பாக இருக்கும். ஒரு கனசதுரக் கூட்டில் நான்கு தாமிர இடங்கள். கூட்டின் அளவிலிருந்து, ஒரு கன சென்டிமீட்டரில் சுமார் 1.8 × 10²² தாமிர இடங்கள் இருப்பது தெரியும். ஒரு நல்ல படலத்தில் துளைகளின் எண்ணிக்கை கன சென்டிமீட்டருக்கு 10¹⁹ என்றும், ஒரு காலியிடத்துக்கு ஒரு துளை என்றும் கொண்டால், 1800 தாமிரங்களில் ஒன்று காணாமல் போயிருந்தால் போதும். 10¹⁸ துளைகளுக்கு 18,000-இல் ஒன்று. சாதாரண வேதியியல் பகுப்பாய்வில் தாமிரமும் அயோடினும் ஒன்றுக்கு ஒன்று என்றே வரும். அந்தக் கருவிகளின் பிழை எல்லைக்குள் இந்த வேறுபாடு அமிழ்ந்துபோகும். ஆனால் மின்தடை பத்து மடங்கு மாறியிருக்கும்.

பேடெக்கரும் இதைத் தொட்டுவிட்டார். படலத்தில் அயோடினின் அளவைக் கூட்டிக் குறைத்தால் அதன் கடத்துதிறன் மாறுகிறது என்பதை 1909-இல் அவர் எழுதினார். துளை என்ற கருத்தே அப்போது பிறக்கவில்லை. இன்று மாசூட்டல் என்று நாம் சொல்லும் உத்தியின் முன்னோடிகளில் ஒருவராக அவரை எண்ணுவதில் தவறில்லை.

படலம் பிறக்கும் விதம்

பேடெக்கரின் முறை இன்றும் வழக்கில் இருக்கிறது: தாமிரப் பூச்சு, அயோடின் ஆவி. மூடிய குடுவையில் அயோடின் துண்டுகளைப் போட்டு, பூச்சிட்ட கண்ணாடியை உள்ளே வைத்தால் அறை வெப்பநிலையிலேயே வினை நடந்துவிடும். இதில் ஒரு நுட்பம் உண்டு. அடர்த்தியையும் அணு எடையையும் வைத்துக் கணக்கிட்டால், ஒரு தாமிர அணு உலோகத்தில் அடைத்துக்கொள்ளும் இடத்தைவிட அயோடைடில் ஏறக்குறைய 4.7 மடங்கு இடம் பிடிக்கிறது. கண்ணாடியோடு ஒட்டியிருப்பதால் படலம் பக்கவாட்டில் விரிய முடியாது. மேல்நோக்கித்தான் வீங்கியாக வேண்டும். 50 நானோமீட்டர் தாமிரம் கிட்டத்தட்ட 235 நானோமீட்டர் அயோடைடாகிறது. இவ்வளவு வீக்கம் ஒழுங்காக நடக்குமா? நடப்பதில்லை. மேற்பரப்பு கரடுமுரடாகி, ஒளியைச் சிதறடித்து, படலம் பால் படிந்தாற்போல் மங்கலாகத் தெரியும். மெதுவாக, குறைந்த அயோடினில் வினையை நடத்துவோர் ஓரளவு தப்பிக்கிறார்கள்.

அசிட்டோநைட்ரைல் போன்ற கரைப்பானில் தாமிர அயோடைடைக் கரைத்து, சுழலும் தட்டில் ஊற்றிப் பரப்புவது இன்னொரு வழி. வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைப்பதும், அயனிகளால் இலக்கை மோதித் தெறிக்கவிடுவதும், தாமிர அயனிக் கரைசலிலும் அயோடைடுக் கரைசலிலும் மாறிமாறி முக்கியெடுப்பதும் உண்டு. செய்வதற்கு இவ்வளவு எளிய குறைக்கடத்தி வேறு அதிகமில்லை. ஒரே மாதிரி இரண்டு முறை செய்வதுதான் கடினம்.

அமைப்பைப் படிப்பது

படலம் தயாரானதும் பெரும்பாலும் முதலில் போவது எக்ஸ் கதிர் விளிம்பு விளைவுக் கருவிக்கு. படிகத்தில் அணுத் தளங்கள் சீரான இடைவெளியில் அடுக்கப்பட்டிருப்பதால், குறிப்பிட்ட சில கோணங்களில் மட்டும் எக்ஸ் கதிர்கள் ஒன்றையொன்று வலுப்படுத்தித் திரும்பும். அலைநீளம் என்பது தள இடைவெளியின் இருமடங்கைக் கோணத்தின் சைனால் பெருக்கியதற்குச் சமம். பிராக் விதி இவ்வளவுதான். இந்தக் கருவிகளில் எக்ஸ் கதிரை உமிழ்வதும் பெரும்பாலும் தாமிரமே. தாமிரத்தைப் பற்றிய கேள்விக்குத் தாமிரமே பதில் சொல்கிறது.

அந்தக் கதிரின் அலைநீளம் 0.15406 நானோமீட்டர். காமா நிலையில் கனசதுரத்தின் எதிரெதிர் மூலைகளை உள்ளூடாக இணைக்கும் கோட்டுக்குச் செங்குத்தான தளங்களை 1 1 1 என்று குறிப்பார்கள்; அவற்றின் இடைவெளி 0.349 நானோமீட்டர். விதியில் போட்டால், கருவி காட்டும் கோணம், அதாவது விதியில் வரும் கோணத்தின் இருமடங்கு, 25.5 டிகிரி. தாமிர அயோடைடு படலத்தின் வரைபடத்தில் ஓங்கி நிற்கும் முகடு இதுதான். 29.5, 42.2, 50 டிகிரிகளை ஒட்டி மற்ற முகடுகள் வரும். இங்கே ஓர் எச்சரிக்கை: வினையில் சேராமல் மிஞ்சிய தாமிர உலோகத்தின் முதன்மை முகடு 43.3 டிகிரியில் வரும். 42.2-க்கு அருகில் இருப்பதால் அவசரத்தில் பார்ப்பவர் கண்ணில் படாமல் போகலாம். மிச்சத் தாமிரம் படலத்தின் கடத்துதிறனை உயர்த்திக் காட்டி ஏமாற்றும். முகடு தெரிகிறதா என்று தேடிப் பார்த்துவிட்டே மின் அளவீட்டுக்குப் போக வேண்டும்.

1 1 1 முகடு மட்டும் உயர்ந்திருந்தால், படிக மணிகள், அதாவது படலத்தில் நெருங்கிக் கிடக்கும் சிறு படிகங்கள், எல்லாம் அந்தத் தளத்தை மேல்நோக்கி வைத்து ஒரே திசையில் அடுக்கப்பட்டிருக்கின்றன என்று எழுதிவிடும் பழக்கம் இருக்கிறது. பொறுமை தேவை. எந்த ஒழுங்குமற்ற தூளிலும்கூட இந்த முகடுதான் பெரிது. தூளில் உள்ள விகிதத்தைவிட மற்ற முகடுகள் குறிப்பிடத்தக்க அளவு தாழ்ந்திருந்தால்தான் திசை ஒழுங்கு இருக்கிறது என்று பேசலாம்.

முகட்டின் அகலத்திலும் செய்தி உண்டு. படிக மணி சிறிதாக இருந்தால் அதில் தளங்களின் எண்ணிக்கை குறைவு; முகடு அகன்றுவிடும். ஷெரர் சமன்பாடு இதை அளவாக மாற்றுகிறது. 25.5 டிகிரி முகட்டின் பாதி உயர அகலம் 0.2 டிகிரி என்றால், மணியின் அளவு சுமார் 41 நானோமீட்டர் என்று வரும். கருவியே சேர்க்கும் அகலத்தையும் படிகத்தில் உள்ள திரிபு சேர்க்கும் அகலத்தையும் கழிக்காமல் கிடைத்த எண் இது. உண்மையான அளவு இதைவிடப் பெரிதாகவே இருக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வழக்கமான முறையில் அளக்கும்போது ஷெரர் தரும் அளவு மேற்பரப்புக்குச் செங்குத்தான திசையில், அதாவது மேலும் கீழுமாக உள்ள உயரம். நாம் மின்சாரத்தைச் செலுத்துவதோ பக்கவாட்டில்! மணிகள் பக்கவாட்டிலும் அதே 40 நானோமீட்டர்தான் என்று வைத்துக்கொண்டால், ஒரு சென்டிமீட்டர் தூரம் போகும் மின்சாரம் இரண்டரை லட்சம் மணி எல்லைகளைத் தாண்ட வேண்டும். துளைகளின் பயணம் ஏன் தடுமாறுகிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் தேவையில்லை.

மின்குணத்தை அளப்பது

முதலில் பி வகையா என்று உறுதிசெய்ய ஒரு எளிய சோதனை உண்டு. வோல்ட்மீட்டரின் ஒரு முனையைச் சூடாக்கிப் படலத்தில் வைத்து, மற்றதைக் குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். சூடான இடத்திலிருந்து மின்சுமை தாங்கிகள் குளிர்ந்த பக்கம் பரவும். அவை துளைகள் என்றால் குளிர்ந்த பக்கம் நேர்மின்னாகவும் சூடான பக்கம் எதிர்மின்னாகவும் மாறும். எலக்ட்ரான்கள் என்றால் நேர்மாறாக.

மின்தடையை அளக்க நான்கு முனைகள் வைப்பது வழக்கம். இரண்டு முனைகளால் மட்டும் அளந்தால், முனை படலத்தைத் தொடும் இடத்தில் உள்ள தடையும் சேர்ந்துவிடும். மின்னோட்டத்தை ஒரு ஜோடியில் செலுத்தி, மின்னழுத்தத்தை வேறொரு ஜோடியில் அளந்தால் அந்தத் தொல்லை போய்விடும். கிடைப்பது தகட்டு மின்தடை. அலகு, சதுரத்துக்கு இத்தனை ஓம். அதைப் படலத்தின் தடிமனால் பெருக்கினால் மின்தடை எண். 200 நானோமீட்டர் படலம் 2000 ஓம் காட்டினால், மின்தடை எண் 0.04 ஓம் சென்டிமீட்டர். தடிமனைத் தவறாக அளந்தவர் மின்தடை எண்ணையும் அதே அளவுக்குத் தவறாகவே சொல்வார். கரடுமுரடான படலத்தில் தடிமன் என்பதே சற்று வழுக்கலான சொல்.

ஆனால் மின்தடை எண் தனித்து நின்றால் பாதிக் கதைதான் சொல்லும். கடத்து எண் என்பது மூன்றின் பெருக்கல்: துளைகளின் எண்ணிக்கை, ஒரு துளையின் மின்சுமை, அவற்றின் இயக்க எண். இயக்க எண் என்பது ஒரு துளை எவ்வளவு தடையின்றி நகர்கிறது என்பதன் அளவு. கன சென்டிமீட்டருக்கு 10¹⁸ துளைகள் 10 என்ற இயக்க எண்ணோடு இருந்தால் கடத்து எண் 1.6 சீமென்ஸ். 10¹⁹ துளைகள் 1 என்ற இயக்க எண்ணோடு இருந்தாலும் அதே 1.6. முதலாவது குறைகள் குறைந்த நல்ல படிகம். இரண்டாவது, காலியிடங்கள் மலிந்து, மணி எல்லைகள் நெருங்கிய படலம். மின்தடைமானிக்கு இரண்டும் ஒன்றுதான்.

இவற்றைப் பிரித்தறிய ஹால் விளைவு வேண்டும். 1879-இல் எட்வின் ஹால் கண்டது: மின்னோட்டம் பாயும் தகட்டைக் காந்தப் புலத்தில் செங்குத்தாக வைத்தால், மின்சுமை தாங்கிகள் ஓரமாக ஒதுங்கி, பக்கவாட்டில் ஒரு மின்னழுத்தம் எழும். அதன் குறி பி வகையா என் வகையா என்று சொல்லும். அளவு, தாங்கிகளின் எண்ணிக்கையைச் சொல்லும். இயக்க எண் 5, துளைகள் 10¹⁹, காந்தப் புலம் அரை டெஸ்லா, மின்னோட்டம் 0.1 மில்லி ஆம்பியர் என்று வேறொரு 200 நானோமீட்டர் படலத்துக்குக் கணக்கிட்டால், ஹால் மின்னழுத்தம் சுமார் 0.16 மில்லிவோல்ட். அதே சமயம், மின்னோட்டத்தின் திசையில் ஒரு சதுரப் பரப்பின் குறுக்கே இருக்கும் மின்னழுத்தம் 0.6 வோல்ட், நாலாயிரம் மடங்கு பெரிது! அளக்கும் முனைகள் மயிரிழை விலகி வைக்கப்பட்டாலும், பெரியதன் ஒரு துணுக்கு சிறியதை மூழ்கடித்துவிடும். அதனால்தான் காந்தப் புலத்தையும் மின்னோட்டத்தையும் திசைமாற்றிப் பலமுறை அளந்து சராசரி எடுக்கிறார்கள். இயக்க எண் ஒன்றுக்கும் கீழே உள்ள படலத்துக்கு ஒரே ஒரு ஹால் அளவீட்டை வைத்துக்கொண்டு யாராவது பேசினால், நான் அந்த எண்ணைச் சற்றுத் தள்ளியே வைப்பேன்.

நல்ல ஒற்றைப் படிகத்தில் இயக்க எண் 40-க்கு மேல் அளக்கப்பட்டிருக்கிறது. படலங்களில் பெரும்பாலும் ஒற்றை இலக்கம். 2016-இல் லைப்சிக் பல்கலைக்கழகக் குழு அறை வெப்பநிலையில் தெறிப்பு முறையில் செய்த படலம் சென்டிமீட்டருக்கு 283 சீமென்ஸ் தந்தது. ஒளி ஊடுருவும் பி வகைப் பொருளுக்கு இது மிகப் பெரிய எண். அத்தகைய படலத்தில் துளைகள் அவ்வளவு நெருக்கமாக இருப்பதால், குளிரவைத்தாலும் மின்தடை அதிகம் ஏறாது. கிட்டத்தட்ட உலோகம் போல நடந்துகொள்ளும். துளைகள் குறைந்த படலத்திலோ வெப்பம் ஏற ஏற மின்தடை இறங்கும், குறைக்கடத்திக்கே உரிய முறையில்.

இரண்டும் இழுபறி செய்யும் இடம்

அப்படியானால் படலத்தைச் சூடாக்கிப் பதப்படுத்தினால் மணிகள் வளரும், எல்லைகள் குறையும், இயக்க எண் உயரும், கடத்துதிறனும் உயரும் அல்லவா? சிலிக்கான் பற்றிப் படித்துவிட்டு வருபவர் இப்படித்தான் எதிர்பார்ப்பார். தாமிர அயோடைடில் பாதிதான் நடக்கும். மணிகள் வளரும். 25.5 டிகிரி முகடு கூர்மையாகும். வரைபடம் அழகாக இருக்கும். ஆனால் சூட்டில் அயோடின் ஆவியாகி வெளியேறும். அயோடின் போனால், மிஞ்சிய தாமிரம் காலியிடங்களை நிரப்பத் தொடங்கும். காலியிடம் நிரம்பினால் துளை ஒழியும். படிகம் சீரடையச் சீரடைய மின்தடை ஏறலாம். அமைப்பை மட்டும் பார்த்தவர் வெற்றி என்பார். மின்தடையை மட்டும் பார்த்தவர் தோல்வி என்பார். பதப்படுத்தலை அயோடின் ஆவி நிறைந்த சூழலில் செய்வது ஒரு சமரசம்.

நிறமும் இங்கே ஒரு துப்பு. தூய தாமிர அயோடைடு வெண்ணிறம். அது மஞ்சளாகவோ பழுப்பாகவோ தெரிந்தால், பிணைப்பில் சேராத அயோடின் உள்ளே தங்கியிருக்க வாய்ப்புண்டு.

இந்தப் பொருளைச் சூரிய மின்கலத்தில் புகுத்திய முக்கியமான முயற்சி இலங்கையின் கண்டியிலிருந்து வந்தது. சாயம் ஏற்றிய டைட்டானியம் டை ஆக்சைடு மின்கலத்தில், கசியும் திரவத்துக்குப் பதிலாகத் துளைகளை வாங்கிச் செல்லும் திடப்பொருளாகத் தாமிர அயோடைடை நிரப்பலாம் என்று பேராசிரியர் தென்னக்கோனின் குழு 1995-இல் காட்டியது. அங்கேயும் படிக மணிகளே வில்லன்கள். டைட்டானியம் டை ஆக்சைடின் நுண்துளைகளுக்குள் புகவேண்டிய அயோடைடு, பெரிய மணிகளாக வளர்ந்து வெளியிலேயே நின்றுவிட்டது. தயோசயனேட் சேர்மம் ஒன்றைச் சிறிதளவு கலந்து மணிகளின் வளர்ச்சியைத் தடுத்த பிறகு நிலைமை முன்னேறியது. படலத்தில் பெரிதாக்கத் துடிக்கும் அதே மணியை இங்கே சிறிதாக்கப் போராட வேண்டியிருந்தது. 2014-இல் பெரோவ்ஸ்கைட் என்ற படிக அமைப்புடைய பொருளால் ஆன சூரிய மின்கலத்தில் துளை கடத்தும் அடுக்காக இதைப் பயன்படுத்தி 6 விழுக்காடு திறன் பெறப்பட்டது. துத்தநாக ஆக்சைடோடு சேர்த்து ஒளி ஊடுருவும் டையோடுகள் செய்யப்பட்டுள்ளன. 2017-இல், வெப்ப வேறுபாட்டிலிருந்து மின்சாரம் எடுக்கும் ஒளி ஊடுருவும் படலமாகவும் இது சோதிக்கப்பட்டு, வெப்பத்தை மின்சாரமாக்கும் திறமையைக் குறிக்கும் தர எண் அறை வெப்பநிலையில் 0.21 என்று கிடைத்தது. பருத்த அயோடின் அணுக்கள் வெப்பத்தை எளிதில் கடத்துவதில்லை என்ற குணம் அங்கே கைகொடுத்தது.

எல்லாவற்றிலும் தலைகாட்டும் சிக்கல் ஒன்றுதான். சூடாக்கினால் வேகமாக வெளியேறும் அயோடின், சும்மா திறந்த காற்றில் வைத்தாலும் மெதுவாக வெளியேறிக்கொண்டே இருக்கிறது. இன்று 2000 ஓம் காட்டிய படலம் சில வாரங்களில் வேறு எண்ணைக் காட்டும். மறுபடி அயோடின் ஆவியில் காட்டினால் தடை இறங்கும். பிறகு மீண்டும் ஏறும். மேலே ஒரு காப்புப் பூச்சு இட்டால் இந்த ஓட்டம் மட்டுப்படும். அதனால் தாமிர அயோடைடு படலத்தின் மின்தடையைக் குறிப்பேட்டில் எழுதுபவர், பக்கத்திலேயே படலம் தயாரான நாளையும் அளந்த நாளையும் எழுதியாக வேண்டும். அந்தத் தேதிகள் இல்லாத எண்ணை அடுத்த படலத்தோடு ஒப்பிட முடியாது.